பயாஸ் அப்டேட்டுக்கு அப்புறம் விஎம் சரியா ஓடலையா? ஓவர்கிளாக் பண்ண கம்ப்யூட்டர்ல எங்க இருந்து பாக்க ஆரம்பிக்கணும்

பயாஸ் (கம்ப்யூட்டர ஆன் பண்ணதும் மொதல்ல ஓடற மதர்போர்டு சாஃப்ட்வேர்) அப்டேட் போட்டாச்சு, கம்ப்யூட்டர் ஒழுங்கா பூட் ஆகுது, பிரவுசர் ஓடுது, கேம் கூட ஓடுது, ஆனா விர்ச்சுவல் மெஷின (விஎம், அதாவது கம்ப்யூட்டருக்குள்ள சாஃப்ட்வேரா ஓடற இன்னொரு கம்ப்யூட்டர்) மட்டும் தொறந்தா எரர் அடிக்குது, இல்லன்னா ஓட ஆரம்பிச்சு பத்து நிமிஷத்துல அப்படியே உறைஞ்சு நிக்குது. இந்த நெலமைல நிறைய பேர் உடனே விர்ச்சுவல்பாக்ஸையோ விஎம்வேரையோ அன்இன்ஸ்டால் பண்ணிட்டு திரும்ப போடுறாங்க, அது பெரும்பாலும் வீண் வேலை, ஏன்னா கோளாறு அந்த சாஃப்ட்வேர்ல இல்ல, அதுக்கு கீழ இருக்கு.

இங்க ரெண்டு தனித்தனி பிரச்சனை ஒண்ணா கலந்து வருது. முதலாவது, அப்டேட் போடும்போது பயாஸ் செட்டிங் எல்லாம் டீஃபால்ட்டுக்கு போயிடும், அதுல விர்ச்சுவலைசேஷனும் (விஎம் ஓட்ட சிபியு குடுக்கற வசதி) பல போர்டுல ஆஃப் ஆயிருக்கும். ரெண்டாவது, நீங்க பழைய ஓவர்கிளாக் (சிபியுவையும் ராமையும் கம்பெனி வெச்சத விட வேகமா ஓட்டறது) நம்பர்கள அப்படியே திரும்ப போட்டாலும் புது ஃபர்ம்வேர்ல, அதாவது புது பயாஸ்ல, அது பழைய ஓவர்கிளாக் கிடையாது. மைக்ரோகோடு (சிபியுக்குள்ள ஓடற அடிப்படை நிரல்) மாறியிருக்கும், ராம் ட்ரெயினிங் (பூட் ஆகும்போது ராமுக்கு சரியான டைமிங்க போர்டு தேடறது) பண்ற விதம் மாறியிருக்கும், ஆட்டோல விட்ட வோல்டேஜ் எல்லாம் வேற அளவுல வந்து உக்காந்திருக்கும். அதனால அப்டேட்டுக்கு முன்னாடி ஒரு வருஷம் ஸ்டேபிளா ஓடுச்சுங்கறது இப்ப கணக்குல வராது, இது இன்னும் டெஸ்ட் பண்ணாத புது ஓவர்கிளாக்னு நெனச்சுக்கங்க. விஎம் ஸ்டார்ட்டே ஆகலைன்னா பெரும்பாலும் முதல் பிரச்சனை, ஸ்டார்ட் ஆகி நடுவுல விழுந்தா பெரும்பாலும் ரெண்டாவது. இந்த ரெண்டையும் பிரிச்சு பாத்தாதான் வேலை முடியும்.

மொதல்ல டேட்டாவ காப்பாத்துங்க

ராம் ஓவர்கிளாக் ஆட்டம் காணும்போது கெஸ்ட் ஓஎஸ் (விஎம் உள்ள ஓடற ஓஎஸ், அத ஓட்டற நிஜ கம்ப்யூட்டர் ஹோஸ்ட்) எழுதற ஒவ்வொரு பிளாக்கும் அந்த ராம் வழியாதான் விர்ச்சுவல் டிஸ்க் ஃபைலுக்கு போகுது. ஒரு பிட் மாறினா கூட உள்ள இருக்கற ஃபைல்சிஸ்டமோ டேட்டாபேஸோ கெட்டுப்போகும், அதுவும் உடனே தெரியாது. அதனால சரியா ஓடாத விஎம்மை "இன்னொரு தடவ ட்ரை பண்ணலாம்"னு திரும்ப திரும்ப ஆன் பண்ணாதீங்க.

அந்த டிஸ்க் ஃபைல காப்பி எடுக்கணும், ஆனா அதுக்கு முன்னாடியே ஓவர்கிளாக்க எடுத்துடுங்க, ஏன்னா கெட்ட ராம் வழியா எடுத்த காப்பியும் கெட்டுதான் இருக்கும். பயாஸ்ல லோடு ஆப்டிமைஸ்டு டீஃபால்ட்ஸ் குடுத்து, எக்ஸ்எம்பி, எக்ஸ்போ (ராம வேகமா ஓட்டற ரெடிமேட் செட்டிங்) எதுவும் போடாம பூட் பண்ணி, விஎம் ஆஃப்ல இருக்கும்போது மொத்த ஃபோல்டரையும் வேற டிரைவுக்கு காப்பி பண்ணுங்க. ஸ்னாப்ஷாட் (விஎம்மோட ஒரு நேரத்து நெலமைய பதிவு பண்ணது) இருக்கு போதும்னு விட்டுடாதீங்க, ஸ்னாப்ஷாட் அடிப்படை டிஸ்க் ஃபைல நம்பித்தான் நிக்குது, அடிப்படை போனா அதுவும் போச்சு.

இன்னொண்ணு, மேல சொன்ன எல்லாத்துக்கும் முன்னாடி பண்ண வேண்டியது: பிட்லாக்கர் (விண்டோஸோட டிஸ்க் பூட்டு) போட்டிருந்தா ரெக்கவரி கீ கையில இருக்கான்னு இப்பவே பாத்துக்கங்க, பயாஸ்ல கை வெக்கறதுக்கு முன்னாடி. ஃபர்ம்வேர் மாறினாலோ செக்யூர் பூட் (கையெழுத்து இருக்கற சாஃப்ட்வேர மட்டும் பூட் ஆக விடற வசதி) செட்டிங் மாறினாலோ டிபிஎம் (அந்த பூட்டோட சாவிய காக்கற பாதுகாப்பு சிப்) சாவிய தராம போகலாம், அப்ப விண்டோஸ் 48 இலக்க கீ கேட்டு நிக்கும். ஏஎம்டி போர்டுல சில சமயம் எஃப்டிபிஎம் (சிபியுக்குள்ளயே இருக்கற டிபிஎம்) ரீசெட் பண்ணவா, ஒய் இல்ல என் அழுத்துங்கன்னு ஒரு கறுப்பு ஸ்க்ரீன் வரும். கீ கையில இல்லாம ஒய் அழுத்தாதீங்க.

விஎம் ஸ்டார்ட்டே ஆகலைன்னா

டீஃபால்ட்லயே இருந்துகிட்டு விர்ச்சுவலைசேஷன மட்டும் ஆன் பண்ணுங்க, வேற எதையும் தொடாதீங்க. ஏஎம்டில இதுக்கு பேரு எஸ்விஎம் மோட், இன்டெல்ல இன்டெல் விர்ச்சுவலைசேஷன் டெக்னாலஜி, சில போர்டுல விஎம்எக்ஸ்னு இருக்கும். எங்க இருக்குங்கறதுதான் தலைவலி. அசூஸ் போர்டுல அட்வான்ஸ்டு பக்கத்துல சிபியு கான்ஃபிகரேஷன் உள்ள இருக்கும், எம்எஸ்ஐல ஓவர்கிளாக்கிங் மெனுவுக்குள்ள சிபியு ஃபீச்சர்ஸ்ல, கிகாபைட்ல ட்வீக்கர் உள்ள அட்வான்ஸ்டு சிபியு செட்டிங்ஸ்ல. புது பயாஸ்ல மெனு இடம் மாறியிருக்கவும் வாய்ப்பு இருக்கு, தேடற வசதி இருந்தா எஸ்விஎம்னு தேடிடுங்க. விடி-டி, ஐஓஎம்எம்யு ரெண்டும் கிராஃபிக்ஸ் கார்டு மாதிரி டிவைஸ விஎம்முக்கு நேரா குடுக்கறவங்களுக்குத்தான் கண்டிப்பா தேவை, சாதாரண விஎம்முக்கு அது இல்லாமலே ஓடும். சேவ் பண்ணிட்டு ஒரு தடவ பவர முழுசா ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க.

விண்டோஸ்ல டாஸ்க் மேனேஜர் தொறந்து பெர்ஃபார்மன்ஸ், அதுல சிபியு, கீழ விர்ச்சுவலைசேஷன் எனேபிள்டுன்னு காட்டணும். லினக்ஸ்ல கேவிஎம் (லினக்ஸோட சொந்த விஎம் வசதி) டிவைஸ் ஃபைல் இருக்கான்னு பாருங்க, இல்லன்னா கர்னல் லாக்ல டிசேபிள்டு பை பயாஸ்னு ஒரு வரி இருக்கலாம். டபிள்யுஎஸ்எல் 2 (விண்டோஸ் உள்ளயே லினக்ஸ் ஓட்டற வசதி) வெச்சிருக்கவங்களுக்கு 80370102னு முடியற எரர் வந்தா பெரும்பாலும் இதே கதைதான், டாக்கரும் அதோட சேர்ந்தே படுத்திருக்கும்.

எனேபிள்டுன்னு காட்டியும் ஓடலைன்னா விண்டோஸ் ஃபீச்சர்ஸ் லிஸ்ட்ட பாருங்க. ஹைப்பர்-வி, விர்ச்சுவல் மெஷின் பிளாட்ஃபார்ம், விண்டோஸ் ஹைப்பர்வைசர் பிளாட்ஃபார்ம், அதோட விண்டோஸ் செக்யூரிட்டில கோர் ஐசொலேஷன் உள்ள இருக்கற மெமரி இன்டெக்ரிட்டி, இதுல எது ஆன்ல இருந்தாலும் மைக்ரோசாஃப்ட்டோட ஹைப்பர்வைசர் (விஎம்கள ஓட்டற அடி சாஃப்ட்வேர்) முந்திகிட்டு சிபியுவோட விர்ச்சுவலைசேஷன தன் கைல எடுத்துக்கும். அப்ப விர்ச்சுவல்பாக்ஸ் அதுக்கு மேல உக்காந்துதான் ஓடணும், கீழ் பட்டைல பச்சை ஆமை ஐகான் தெரிஞ்சா அதுதான் அர்த்தம், ஓடும் ஆனா மெதுவா ஓடும். விஎம்வேர் ஒர்க்ஸ்டேஷன் 15.5.5ல இருந்து ஹைப்பர்-வியோட சேர்ந்து ஓடும், ஆனா விஎம் உள்ள இன்னொரு விஎம் ஓட்டற ஆப்ஷன் டிக் பண்ணியிருந்தா இந்த நெலமைல எரர் குடுத்து நிக்கும். மெமரி இன்டெக்ரிட்டிய எல்லாரும் ஆஃப் பண்ண சொல்றாங்க, அது கர்னலுக்கு உண்மையான பாதுகாப்பு, அதனால மத்த எல்லாத்தையும் பாத்துட்டு வேற வழியே இல்லன்னா மட்டும் அதுல கை வைங்க.

சிஸ்டம் இன்ஃபர்மேஷன்ல ஒரு ஹைப்பர்வைசர் கண்டுபிடிக்கப்பட்டது, ஹைப்பர்-விக்கு தேவையான அம்சங்கள் காட்டப்படாதுன்னு வர்ற வரிய பாத்து பயப்பட வேண்டாம், அது எரர் இல்ல, ஹைப்பர்வைசர் ஏற்கனவே ஓடிட்டு இருக்குன்னுதான் சொல்லுது.

பழைய சேவ்டு ஸ்டேட்

விஎம்மை ஷட்டவுன் பண்ணாம சஸ்பெண்ட் பண்ணி வெச்சுட்டு பயாஸ் அப்டேட் போட்டிருந்தா, திரும்ப தொறக்கும்போது ப்ராசசர் மாறிடுச்சு, அம்சங்கள் ஒத்துப்போகலன்னு எரர் வரலாம். நான் சிபியுவே மாத்தலையேன்னு கேப்பீங்க, ஆனா மைக்ரோகோடு மாறி சில அம்சங்கள் போனா விஎம்மோட பார்வைல சிபியு மாறினதாதான் அர்த்தம். இன்டெல் 12வது ஜெனரேஷன்ல 2022ல வந்த பயாஸ் அப்டேட்கள் ஏவிஎக்ஸ்-512ங்கற சிபியு அம்சத்த எடுத்துடுச்சு, அதுக்கு முந்தின வருஷம் ஸ்கைலேக் காலத்து சிப்கள்ல டிஎஸ்எக்ஸ்ங்கற இன்னொரு அம்சம் மைக்ரோகோடு வழியா ஆஃப் ஆச்சு. அந்த அம்சம் இருக்குன்னு நம்பி தூங்கப்போன கெஸ்ட்ட அது இல்லாத சிபியுல எழுப்ப முடியாது. சேவ்டு ஸ்டேட்ட டிலீட் பண்ணிட்டு கோல்டு பூட் (விஎம்மை முதல்ல இருந்து பூட்) பண்றதுதான் வழி, பவர் பட்டன அழுத்தி ஆஃப் பண்ண மாதிரி சேவ் பண்ணாத வேலை மட்டும் போகும், டிஸ்க் அப்படியே இருக்கும். கேவிஎம்ல சிபியு மாடல பேர் சொல்லி ஃபிக்ஸ் பண்ணி வெச்சிருந்தா, அங்கயும் இல்லாம போன அம்சத்த கான்ஃபிக்ல இருந்து எடுக்கணும்.

லினக்ஸ் ஹோஸ்ட், ப்ராக்ஸ்மாக்ஸ் (விஎம் ஓட்டறதுக்கான லினக்ஸ் சிஸ்டம்) ஓட்டறவங்களுக்கு

இங்க மூணு விஷயம் அடிக்கடி கடிக்கும். செக்யூர் பூட் டீஃபால்ட்டா ஆன் ஆயிருக்கலாம், அப்ப கையெழுத்து இல்லாத விர்ச்சுவல்பாக்ஸ், விஎம்வேர் கர்னல் மாட்யூல் லோடு ஆகாது, முன்னாடி கீ என்ரோல் பண்ணியிருந்தாலும் அப்டேட்ல அது அழிஞ்சிருக்கலாம், திரும்ப என்ரோல் பண்ணுங்க. அடுத்தது நெட்வொர்க். புது ஃபர்ம்வேர் பிசிஐ பஸ் நம்பர மாத்தி குடுத்தா நெட்வொர்க் கார்டோட பேரே மாறிடும், பேர்ல 5ன்னு இருந்தது 6ன்னு ஆயிடும், பிரிட்ஜ் (விஎம்கள நெட்வொர்க் கார்டோட இணைக்கறது) கான்ஃபிக் பழைய பேரையே தேடிட்டு இருக்கும், எல்லா விஎம்மும் ஓடும் ஆனா எதுக்குமே நெட் இருக்காது, ஹோஸ்ட்டுக்கும் ரிமோட்டா போக முடியாது. மானிட்டர் கீபோர்டு மாட்டி பேர மாத்தினா அஞ்சு நிமிஷ வேலை, தெரியாதவங்களுக்கு அரை நாள் போயிடும்.

மூணாவது பாஸ்த்ரூ, அதாவது நிஜ டிவைஸ விஎம்முக்கு நேரா குடுக்கறது. அதே பஸ் நம்பர் மாற்றத்தால விஎம் கான்ஃபிக் தப்பான டிவைஸ காட்டிட்டு இருக்கும், கிராஃபிக்ஸ் கார்டுக்கு பதிலா ஹோஸ்ட் பூட் ஆன டிஸ்க் கன்ட்ரோலர கூட விஎம்முக்கு தூக்கி குடுத்துடலாம், அதனால அப்டேட்டுக்கு அப்புறம் பாஸ்த்ரூ விஎம்மோட ஆட்டோ ஸ்டார்ட்ட ஆஃப் பண்ணிட்டு லிஸ்ட்ட ஒப்பிட்டு பாருங்க. ஐஓஎம்எம்யு குரூப்பும் (ஒண்ணா சேர்த்துதான் விஎம்முக்கு குடுக்க முடியற டிவைஸ் கூட்டம்) மாறியிருக்கலாம். அபவ் 4ஜி டீகோடிங், ரீசைசபிள் பார் (கிராஃபிக்ஸ் கார்டு மெமரி சம்பந்தப்பட்ட செட்டிங்) ரெண்டும் புது டீஃபால்ட்ல ஆன் ஆயிருந்தா கெஸ்ட்ல கறுப்பு ஸ்க்ரீனோ டிவைஸ் மேனேஜர்ல கோடு 43யோ வரலாம், ரீசைசபிள் பார ஆஃப் பண்ணி பாருங்க. எல்லாம் சரியா இருந்தும் வரலைன்னா ஃபர்ம்வேர்லயே பக் இருக்கலாம், 2019ல ரைசன் 3000க்காக வந்த ஏஜிசா (போர்டு கம்பெனிகளுக்கு ஏஎம்டி குடுக்கற பயாஸ் அடிப்படை) அப்டேட்ல பல பழைய போர்டுகள்ல பாஸ்த்ரூ மொத்தமா படுத்துச்சு, பிசிஐ ஹெடர் டைப் 127ன்னு ஒரு எரர் வரும், யூசர் பக்கம் எந்த தப்பும் இல்ல.

ஸ்டார்ட் ஆகி நடுவுல விழுந்தா

இதுதான் ஓவர்கிளாக் பண்ணவங்களோட உண்மையான பகுதி. டீஃபால்ட்ல, விர்ச்சுவலைசேஷன் மட்டும் ஆன்ல, விஎம்மை ஒரு நாள் முழுக்க நீங்க வழக்கமா பண்ற வேலையோட ஓட்டுங்க. விழலன்னா ஓவர்கிளாக்தான் காரணம்னு முடிவாயிடுச்சு. விழுந்துச்சுன்னா ஓவர்கிளாக்க விட்டுட்டு மேல சொன்னதையும் சிப்செட் டிரைவரையும் ஹைப்பர்வைசர் வெர்ஷனையும் பாருங்க. இந்த ஒரு டெஸ்ட்ட தாண்டிட்டு போறவங்கதான் வாரக்கணக்குல சுத்தறாங்க.

கேம் ஓடுது, ஸ்ட்ரெஸ் டெஸ்ட் பாஸ் ஆகுது, விஎம் மட்டும் ஏன் விழுதுன்னு கேட்டா, விஎம் சிபியுவ வேற மாதிரி ஓட்டுது. ஆல் கோர் ஸ்ட்ரெஸ் டெஸ்ட்ல எல்லா கோரும் ஒரே லோடுல, குறைஞ்ச கிளாக்ல, சீரான வோல்டேஜ்ல ஓடும். விஎம் அப்படி இல்ல, நாலு விர்ச்சுவல் கோர் தூங்கி எழுந்து தூங்கி எழுந்து ஒவ்வொரு நொடியும் ஆயிரக்கணக்குல லோடு மாறும், ஒரே கோர் உச்ச பூஸ்ட்டுக்கு தாவி இறங்கும். கர்வ் ஆப்டிமைசர்ல (ஏஎம்டில ஒவ்வொரு கோருக்கும் வோல்டேஜ குறைக்கற செட்டிங்) மைனஸ் 25, மைனஸ் 30ன்னு போட்டு வெச்சிருக்கவங்களுக்கு இந்த தாவல்லதான் அடி விழும். அதோட கெஸ்ட்டுக்கு 16 ஜிபி குடுத்தா, சாதாரணமா நீங்க தொடவே தொடாத ராம் பகுதி எல்லாம் ஒரே நேரத்துல புழக்கத்துக்கு வந்துடும்.

ஆதாரம் எங்க கிடைக்கும்னா ஹோஸ்ட்டோட ஈவென்ட் வியூவர்ல, சிஸ்டம் லாக்ல ஹார்டுவேர் எரர்கள பதிவு பண்ற டபிள்யுஹெச்இஏ லாகர். ஈவென்ட் 18 வந்தா சிபியு தாங்க முடியாத எரர், 19 வந்தா சரி பண்ணிகிட்ட எரர், ரெண்டுமே நல்ல சிஸ்டத்துல வரக்கூடாது, சரி பண்ணிகிச்சேன்னு 19ஐ விட்டுடாதீங்க. அதுலயே ஏபிஐசி ஐடி (எந்த கோர்னு காட்டற நம்பர்) இருக்கும், எஸ்எம்டி (ஒரு கோர் ரெண்டு வேலைய ஒரே நேரத்துல பண்ற வசதி) ஆன்ல இருந்தா ஒரு கோருக்கு ரெண்டு ஐடி, அதனால 6 இல்ல 7ன்னு திரும்ப திரும்ப வந்தா பெரும்பாலும் 0ல இருந்து எண்ணி 3வது கோர், அந்த கோரோட கர்வ மட்டும் தளர்த்தினா போதும். ஈவென்ட் 17 வந்தா அது பிசிஐ எக்ஸ்பிரஸ் பக்கம், ரைசர் கேபிள் (கார்ட போர்டுல இருந்து தள்ளி வெக்கற கேபிள்) போட்டிருந்தா ஸ்லாட் ஸ்பீடு ஆட்டோக்கு போய் மேல ஏறியிருக்கும், ஒரு படி இறக்குங்க.

நீல ஸ்க்ரீன்ல வர்ற பேரும் உதவும். ஹோஸ்ட்ல கிளாக் வாட்ச்டாக் டைம்அவுட் வந்தா ஒரு கோர் பதில் சொல்லாம நின்னுடுச்சு, வோல்டேஜ் பத்தலன்னு முதல்ல சந்தேகப்படுங்க. அதே பேர் கெஸ்ட் உள்ள மட்டும் வந்தா அவசரப்பட வேண்டாம், ஹோஸ்ட் ரொம்ப பிஸியா இருந்து விர்ச்சுவல் கோருக்கு நேரம் குடுக்கலன்னாலும் அது வரும், விஎம்முக்கு குடுத்த கோர் எண்ணிக்கைய குறைச்சு பாருங்க. மெமரி மேனேஜ்மென்ட் எரரோ, பெரிய ஃபைல் காப்பில செக்சம் மாறினதோ, கெஸ்ட்ல கம்பைல் ஒவ்வொரு தடவையும் வேற வேற இடத்துல உடையறதோ ராம் பக்கம் கைகாட்டுது.

இப்ப ஓவர்கிளாக்க திரும்ப ஏத்தறது. பழைய பயாஸ்ல சேவ் பண்ண ப்ரொஃபைல லோடு பண்ணாதீங்க, வெர்ஷன் மாறினா உள்ள இருக்கற செட்டிங் இடம் மாறி தப்பா உக்காரலாம், கையாலயே போடுங்க. முதல்ல ராம் மட்டும், சிபியு டீஃபால்ட்ல. எக்ஸ்எம்பி இல்ல எக்ஸ்போ ஆன் பண்ணதும் டிடிஆர்5 போர்டுல முதல் பூட்டுக்கு பல நிமிஷம் கறுப்பு ஸ்க்ரீன் இருக்கும், ட்ரெயினிங் நடக்குது, பொறுமையா இருங்க, பவர பிடுங்கிடாதீங்க. அப்புறம் மெம்டெஸ்ட்86ஐ யுஎஸ்பில போட்டு நாலு பாஸ் விடுங்க, ராத்திரி விட்டுட்டு தூங்கலாம். ஒரு எரர் வந்தாலும் ஃபெயில்தான். அது பாஸ் ஆனா விண்டோஸ் உள்ள டெஸ்ட்மெம்5 மாதிரி ஒண்ணு, அது இன்னும் கடுமையா பிடிக்கும். டிடிஆர்5ல ஈசிசி (ராம் எரர தானே திருத்தற வசதி) இருக்கேன்னு சிலர் தைரியமா இருக்காங்க, அது சிப்புக்குள்ள நடக்கற தவற மட்டும் பாத்துக்கும், சிப்புக்கும் சிபியுவுக்கும் நடுவுல வர்ற தவறுக்கு காவல் கிடையாது, ஓவர்கிளாக்ல அடி விழறது பெரும்பாலும் அந்த நடுவுலதான்.

ஏஎம்5 (ரைசன் 7000ல இருந்து வந்த ஏஎம்டி சாக்கெட்) வெச்சிருக்கவங்க எஸ்ஓசி வோல்டேஜ (சிபியுக்குள்ள மெமரி கன்ட்ரோலருக்கு போற வோல்டேஜ்) பாருங்க. 2023ல ரைசன் 7000 சிப்கள் எரிஞ்ச பிரச்சனைக்கு அப்புறம் புது ஃபர்ம்வேர்ல அது 1.3 வோல்ட்டுக்கு மேல போகாது. முன்னாடி அதுக்கு மேல வெச்சு ராம அதிக ஸ்பீடுல ஓட்டிட்டு இருந்தீங்கன்னா இப்ப அந்த ஸ்பீடு நிக்காது, ஸ்பீட ஒரு படி இறக்கறதுதான் சரி, அந்த வரம்ப சுத்திப்போக வழி தேடாதீங்க.

ராம் நின்னதும் சிபியு. கர்வ் ஆப்டிமைசர பாதி அளவுல ஆரம்பிங்க, கோர்சைக்ளர் போட்டு ஒவ்வொரு கோரா டெஸ்ட் பண்ணுங்க, அதுதான் விஎம்ல வர்ற ஒத்த கோர் பூஸ்ட்டுக்கு பக்கத்துல வரும். ப்ரைம்95 ஸ்ட்ரெஸ் டெஸ்ட்ல ஸ்மால் எஃப்எஃப்டி மோட் சிபியுக்கு, லார்ஜ் எஃப்எஃப்டி மெமரி கன்ட்ரோலருக்கும் ராமுக்கும். ஃபேன் கர்வும் டீஃபால்ட்டுக்கு போயிருக்கும், அத மறந்துட்டு சூடு ஏறினதுக்கு ஓவர்கிளாக்க குறை சொல்லாதீங்க. ஒவ்வொரு மாற்றத்துக்கும் நடுவுல விஎம்மை ஓட்டி பாருங்க, ஆனா உங்க வேலை விஎம்மை இல்ல, டெஸ்ட்டுக்குன்னு காலியா ஒண்ணு போட்டுக்கங்க.

இன்டெல் 13வது, 14வது ஜெனரேஷன் டெஸ்க்டாப் சிப்னா கணக்கு வேற. 2024 ஆகஸ்ட்ல வந்த 129 மைக்ரோகோடு, அடுத்த மாசம் அறிவிச்ச 12பி ரெண்டும் சிபியு அளவுக்கு மீறி வோல்டேஜ் கேக்கறத தடுக்கறதுக்காக வந்தது, அந்த அதிக வோல்டேஜ் சிப்ப நிரந்தரமா கெடுத்துட்டு இருந்துச்சு. அதனால அப்டேட் பண்ணதும் கொஞ்சம் மெதுவான மாதிரி தெரிஞ்சா பழைய பயாஸுக்கு போகாதீங்க, இன்டெல் டீஃபால்ட் செட்டிங்ஸ்லயே விடுங்க. அந்த டீஃபால்ட்லயே விஎம் விழுதுன்னா சிப் ஏற்கனவே பழுதாயிருக்கலாம், மைக்ரோகோடு அத திரும்ப சரி பண்ணாது. பாதிக்கப்பட்ட மாடல்களுக்கு இன்டெல் வாரன்டிய ரெண்டு வருஷம் நீட்டிச்சிருக்கு, பாக்ஸ்ல வாங்கினதுன்னா இன்டெல்கிட்ட நேரா கேளுங்க, முழு கம்ப்யூட்டரா வாங்கினதுன்னா அத செஞ்சவங்ககிட்ட கேளுங்க.

இன்டெல்ல அண்டர்வோல்ட் (வோல்டேஜ குறைச்சு ஓட்டறது) போட்டிருந்தவங்களுக்கு இன்னொரு குழப்பம் வரும். 2019ல வெளிய வந்த பிளண்டர்வோல்ட்ங்கற பாதுகாப்பு ஓட்டைக்கு அப்புறம் பல பயாஸ் அப்டேட்கள் சாஃப்ட்வேர் வழியா வோல்டேஜ் குறைக்கறத பூட்டிடுச்சு. எக்ஸ்டியு (இன்டெல்லோட ஓவர்கிளாக் டூல்) மாதிரி டூல் விண்டோஸோட விர்ச்சுவலைசேஷன் பாதுகாப்பு ஆன்ல இருக்கும்போது செட்டிங்க மாத்த விடாது. விஎம்மும் வேணும் அண்டர்வோல்ட்டும் வேணும்னா பயாஸ்லயே போடுங்க.

கெஸ்ட்ல கடிகாரம் முந்தி பிந்தி ஓடுது, ஆடியோ வெட்டி வெட்டி வருதுன்னா பேஸ் கிளாக்க (சிபியு வேகத்துக்கு அடிப்படையான 100 மெகாஹெர்ட்ஸ்) பாருங்க. 100ல இருந்து 102, 103ன்னு ஏத்தியிருந்தா நேர கணக்கே அதோட சேர்ந்து அசையலாம், லினக்ஸ் லாக்ல டிஎஸ்சி (சிபியுவோட நேர எண்ணி) அன்ஸ்டேபிள்னு வரி வந்தா அத திரும்ப 100க்கு கொண்டுவந்து மல்டிப்ளையர மட்டும் மாத்துங்க. ஹைப்பர்-வி ஆன்ல இருக்கும்போது மானிட்டரிங் டூல்கள் பஸ் கிளாக்க ஏத்தி இறக்கி காட்டும், அத நம்பி முடிவெடுக்காம பயாஸ்ல என்ன இருக்குன்னு பாருங்க.

எல்லாம் பண்ணியும் புது ஃபர்ம்வேர்ல டீஃபால்ட்லயே பாஸ்த்ரூவோ விஎம்மோ நிக்கலன்னா மட்டும் பழைய வெர்ஷனுக்கு போறத யோசிங்க. போறதுக்கு முன்னாடி போர்டு கம்பெனியோட டவுன்லோடு பக்கத்துல அந்த வெர்ஷனுக்கு கீழ போட்டிருக்கற குறிப்ப முழுசா படிங்க, சில வெர்ஷனுக்கு அப்புறம் திரும்ப இறங்க முடியாதுன்னு அங்கதான் எழுதியிருப்பாங்க. இறங்கினாலும் திரும்ப எல்லாம் டீஃபால்ட்டுக்குதான் போகும், அதனால இப்ப ஓடற செட்டிங்க பயாஸ் பக்கம் பக்கமா ஃபோன்ல ஃபோட்டோ எடுத்து வெச்சுக்கங்க, நிறைய போர்டுல எஃப்12 அழுத்தினா யுஎஸ்பிக்கு ஸ்க்ரீன்ஷாட்டே சேவ் ஆகும்.